செங்கல் வீடும் காட்டுத்தீயில் ஏன் எரிகிறது?

"மெல்பர்னுக்குக் கிழக்கே டாண்டெனாங் மலையோரம் ஒரு மனை பார்த்திருக்கிறேன். செங்கல் சுவரும் தகரக் கூரையுமாகக் கட்டினால் காட்டுத்தீயைத் தாங்காதா? பிஏஎல் (மனைக்கான காட்டுத்தீத் தாக்குதல் அளவு) மதிப்பீடு, சிறப்பு வகைக் கண்ணாடி, கம்பி வலை என்று பில்டர் செலவை ஏற்றிக்கொண்டே போகிறார். இதற்கெல்லாம் பின்னால் உண்மையான ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. எண்பது வருடமாக நடக்கிற ஆராய்ச்சி. சுவர் செங்கலா மரமா என்பது நாம் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது. எரிந்து முடிந்த தெருக்களின் படங்களைப் பாருங்கள். செங்கல் சுவர் நான்கும் அப்படியே நிற்கும், புகைபோக்கி நிற்கும், உள்ளே எதுவும் இருக்காது. தீ சுவரைத் துளைத்துக்கொண்டு போகவில்லை. வேறு வழியாக உள்ளே போய், வீட்டை உள்ளிருந்து எரித்திருக்கிறது. அந்த வழி எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி.

1944 ஜனவரி 14 அன்று மெல்பர்னின் கடற்கரைப் புறநகரான போமாரிஸில் தீ புகுந்தது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் முன்னோடி நிறுவனத்தைச் சேர்ந்த பாரோ என்ற ஆய்வாளர் பாதிக்கப்பட்ட வீடுகளை ஆய்ந்து அடுத்த வருடமே ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரிய தீச்சுவர் வந்து வீட்டை விழுங்குகிறது என்ற பொது நம்பிக்கையை அந்தக் கட்டுரை அப்போதே ஆட்டிவிட்டது. காற்றில் வந்த கங்குகள் இடுக்குகளில் நுழைந்துதான் பல வீடுகளைப் பற்றவைத்திருந்தன. ஆனால் அதற்குப் பிறகு நாற்பது வருடம் இதைப் பெரிதாக யாரும் தூக்கிப்பிடிக்கவில்லை.

1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் காட்டுத்தீ. விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அதன் பிறகு சிஎஸ்ஐஆர்ஓ குழு ஆட்வே மலைப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஆய்வு செய்தது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மவுண்ட் மசிடனில் 450 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். எரிந்த வீட்டை மட்டும் பார்த்தால் பாடம் கிடைக்காது. பக்கத்தில் தப்பிய வீட்டையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஜன்னல் எப்படி, கூரை எது, தரை மண்ணிலிருந்து எவ்வளவு உயரம், மரங்கள் எவ்வளவு தூரம், யாராவது வீட்டில் இருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டால்தான் எது வித்தியாசத்தை உண்டாக்கியது என்று தெரியும். அப்படிப் பார்த்ததில் போமாரிஸ் கட்டுரை சொன்னது உறுதியானது. கங்குகள்தான் முதல் எதிரி. இன்னொன்றும் தெரிந்தது: ஆள் இருந்து சின்னச் சின்னத் தீயை அணைத்த வீடுகள் தப்பும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது.

2003 ஜனவரி 18 அன்று கான்பராவில் இதே கதை நடந்தது. 4 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 500 வீடுகள் எரிந்தன. பைன் தோட்டத்தை ஒட்டிய டஃபி என்ற புறநகர்தான் மிக மோசமாக அடிவாங்கியது. தோட்டத்து ஓரத்தில் இருந்த முதல் வரிசை வீடுகள் மட்டுமல்ல, உள்ளே தள்ளியிருந்த தெருக்களிலும் வீடுகள் எரிந்தன. தீயின் முகப்பு அங்கே போகவே இல்லை. கங்கு போனது. அப்புறம் எரிகிற ஒரு வீடு பக்கத்து வீட்டைப் பற்றவைத்தது.

கங்கு என்று எளிதாகச் சொல்கிறோம், அது என்ன அளவில் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலிய மரங்களைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங்கிபார்க் வகை யூகலிப்டஸின் பட்டை நார்நாராகப் பிய்ந்து வரும். தீ அடிமரத்தில் ஏறும்போது அந்த நார் பிய்ந்து ஆயிரக்கணக்கில் பறக்கும். மன்னா கம் போன்ற வகைகளில் பட்டை நீளநீள நாடாவாக உரிந்து கிளையில் தொங்கும். அது சுருண்டு எரிந்துகொண்டே வெகுதூரம் போகும். 2009 பிப்ரவரி 7, விக்டோரியாவில் பெருந்தீ மூண்ட கறுப்புச் சனியன்று தீயின் முகப்பிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் புதுத் தீ மூண்டது. வீட்டுக்கு ஆபத்து பெரும்பாலும் இந்தத் தூரக் கங்குகளால் அல்ல. சில நூறு மீட்டருக்குள் அடர்த்தியாக அடிக்கும் கங்குமழைதான் எரிக்கிறது. தீயின் முகப்பு ஒரு வீட்டைக் கடந்துபோகச் சில நிமிடங்கள் போதும். கங்குமழை அதற்கு முன்னாலேயே தொடங்கி, முகப்பு போன பிறகும் மணிக்கணக்கில் நீடிக்கும். 'தீ போய்விட்டது' என்று நினைத்த பிறகு எரிந்த வீடுகள் ஏராளம்.

கங்கு எங்கே விழும் என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். காற்றடிக்கும் நாளில் உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து, காய்ந்த இலை எங்கே குவிகிறது என்று பாருங்கள். இரண்டு சுவர்கள் 'ட' வடிவில் உட்புறமாகச் சேரும் மூலை, வாசற்படி சுவரைத் தொடும் இடம், வீட்டுக்கு வெளியே போடும் மரத் தளத்தின் பலகை இடுக்கு, கூரையின் இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம், கூரை விளிம்பில் ஓடும் மழைநீர்க் கால்வாய். காற்று வேகம் குறைந்து சுமையை இறக்கிவைக்கும் இடங்கள் இவை. இலையை இறக்கிவைக்கும் அதே இடத்தில்தான் கங்கையும் இறக்கிவைக்கும். எரிபொருளும் நெருப்பும் ஒரே மூலையில் சேர்கின்றன. நான் பார்த்த வரையில் வீட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு தகவல் இந்தத் துறையில் இல்லை.

இதைச் சோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வு நிறுவனத்தில் சாமுவேல் மான்செல்லோ குழுவினர் மரத் துண்டுகளை எரித்து, கங்குகளாகக் குழாய் வழியே ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு 'டிராகன்' என்று பெயர். ஜப்பானின் சுகுபாவில் உள்ள கட்டட ஆய்வு நிறுவனத்தின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் அதை வைத்து, சுவர், கூரை, காற்றோட்டத் துளை எல்லாவற்றின் மீதும் கங்குமழை பெய்யவைத்தார்கள். மெல்பர்னில் விக்டோரியா பல்கலைக்கழகமும் இந்த வகைக் கருவி ஒன்றைக் கட்டி, கங்கு எப்படிப் பறக்கிறது என்பதைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவருகிறது.

கம்பி வலையைப் பற்றி டிராகன் சொன்ன பாடம் எல்லோரையும் யோசிக்கவைத்தது. வலை போட்டால் கங்கு நின்றுவிடும் என்றுதான் பொதுவாக நினைப்போம். நிற்கிறது, ஆனால் அணைவதில்லை. வலையின் மேல் ஒட்டிக்கொண்டு காற்றில் தொடர்ந்து எரிந்து, சிறுத்து, துளைக்குள் போகிற அளவு ஆனதும் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆகவே வலை என்பது கதவல்ல, தாமதம். துளை எவ்வளவு சிறிதோ, உள்ளே போகும் கங்கு அவ்வளவு பலவீனமாகியிருக்கும், எதையும் பற்றவைக்கும் சக்தி குறைந்திருக்கும். ஆஸ்திரேலியத் தரவிதியான ஏஎஸ் 3959 வலைத்துளை 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மற்ற இடுக்குகள் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உங்கள் பில்டர் செங்கல் சுவரின் அடியில் ஈரம் வெளியேற விடுகிற ஓட்டைக்குக்கூட வலை வைக்கச் சொன்னால் அவர் காசு பிடுங்கவில்லை.

ஓட்டுக் கூரையும் அப்படித்தான். ஓடு எரியாது. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கங்கு புகும் இடைவெளி உண்டு, தீ உண்டாக்கும் பலத்த காற்றில் ஓடு பெயர்வதும் உண்டு. அடியில் பரணில் வருடக்கணக்கில் சேர்ந்த தூசி, எலி கொண்டுவந்த பஞ்சு, பழைய அட்டைப்பெட்டி. அங்கே பற்றினால் வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியவே நேரமாகும். அதனால்தான் ஓட்டுக்கு அடியில் எளிதில் தீப்பற்றாத விரிப்பு ஒன்றை முழுக்கப் போடச் சொல்கிறார்கள். நெளிதகரக் கூரை இந்த விஷயத்தில் மேல். ஆனால் தகர நெளிவின் முனையில், கால்வாய்க்கு மேலே தெரியும் அந்த அரைவட்ட இடைவெளிகளை அடைக்காமல் விட்டால் அந்த மேன்மையும் போச்சு.

சரி, வெப்பக் கதிருக்கு வருவோம். பில்டர் சொல்லும் பிஏஎல் என்ற அளவு இதைச் சார்ந்தது. 2009 மார்ச்சில் வெளியான ஏஎஸ் 3959 திருத்தம் வீட்டு மனைகளை ஆறு படியாகப் பிரித்தது: குறைவு, 12.5, 19, 29, 40, தீமண்டலம். கறுப்புச் சனியில் 173 பேர் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விக்டோரியா அதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த எண்கள், காடு எரியும்போது உங்கள் சுவரின் ஒரு சதுர மீட்டர் மீது எத்தனை கிலோவாட் வெப்பம் விழும் என்பதன் மதிப்பீடு. உச்சி வெயில் ஏறத்தாழ 1 கிலோவாட். இரண்டு, இரண்டரை கிலோவாட்டிலேயே ஒரு நிமிடத்துக்குள் தோல் வலிக்கத் தொடங்கும். 12.5 கிலோவாட்டில் மரத்தின் பக்கத்தில் சிறு சுடர் இருந்தால் சில நிமிடங்களில் பற்றிக்கொள்ளும். 40ஐத் தாண்டினால் சுடரே வீட்டைத் தொடலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த எண் எப்படி வருகிறது என்றால், எந்த வகைத் தாவரம், எவ்வளவு தூரம், எவ்வளவு சரிவு, அந்தப் பகுதியின் தீ அபாயக் குறியீடு ஆகிய நான்கையும் வைத்து. விக்டோரியாவின் பெரும்பகுதிக்கான அபாயக் குறியீடு 100. சமதரையில் அடர்ந்த காடு இருந்தால், 19 மீட்டருக்குள் உள்ள வீடு தீமண்டலம், 25 மீட்டர் வரை 40, 35 மீட்டர் வரை 29, 48 மீட்டர் வரை 19, அதற்கு மேல் 100 மீட்டர் வரை 12.5. காடு வீட்டுக்குக் கீழே சரிவில் இருந்தால் எல்லாம் மாறும். 5 பாகைச் சரிவுக்குள்ளேயே அந்த 19 மீட்டர் 24 ஆகிவிடுகிறது. தீ மேல்நோக்கி ஓடும்போது எதிரே இருக்கும் செடிகளை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திக்கொண்டே ஓடுகிறது. 10 பாகைச் சரிவுக்கு அதன் வேகம் இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர் மெக்கார்த்தர் காலத்திலிருந்து தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. மலை விளிம்பில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கட்டிய வீட்டின் அழகான காட்சிக்கு இதுதான் விலை.

தூரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அமெரிக்க வனத்துறையின் ஜாக் கோஹன் நேரடியாகவே காட்டினார். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் 1990களின் கடைசியில் நடந்த பெரிய தீப்பரிசோதனைகளில், மரச் சுவர்ப் பலகைகளைக் காட்டு விளிம்பிலிருந்து 10, 20, 30 மீட்டரில் நிறுத்தி, காட்டின் உச்சி வரை தீ எரியவிட்டார்கள். 10 மீட்டரில் இருந்தவற்றில் சில பற்றின. 20 மீட்டரில் இருந்தவை அதிகபட்சம் லேசாகக் கருகின. 30 மீட்டரில் ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு பெரிய தீயும் 30 மீட்டருக்கு அப்பால் மரச் சுவரைத் தன் கதிரால் பற்றவைக்க முடியவில்லை என்றால், ஊருக்குள் எரிகிற வீடுகள் எதனால் எரிகின்றன? திரும்பவும் கங்குதான், வீட்டை ஒட்டி இருக்கும் பொருள்கள்தான்.

பிஏஎல் முறையில் எனக்கு இருக்கும் குறை இங்கேதான் வருகிறது. கதிர் வெப்பத்தைக் கணக்கிட முடியும், அதனால் அதற்கு எண் கொடுத்தார்கள். கங்குமழைக்கு அப்படி ஒரு எண் இன்னும் யாரும் திருப்தியாகக் கொடுக்கவில்லை. விளைவு, 'என் மனை 12.5தான், பயமில்லை' என்று ஆள்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். 12.5 என்பது வெப்பக் கதிர் குறைவு என்றுதான் சொல்கிறது. கங்கு குறைவு என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் எரிந்த வீடுகளில் பெரும்பாலானவை காட்டிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தவை என்பது பல தீக்களின் ஆய்வில் தெரிந்திருக்கிறது. அந்த 100 மீட்டரில் பாதிக்கு மேல் நீங்கள் 'குறைந்த' படி என்று நினைக்கும் 12.5 பகுதிதான்.

வெப்பக் கதிர் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியை உடைப்பது அதுதான். ஜன்னல் கண்ணாடியின் நடுப்பகுதி வெப்பத்தை வாங்கி விரிகிறது. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்போ குளிர்ந்தே இருக்கிறது, விரிய மறுக்கிறது. நடுப்பகுதி விளிம்பை இழுக்கிறது. வெட்டும்போது விளிம்பில் உண்டான கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றிலிருந்து விரிசல் கிளம்பி, சில நொடியில் கண்ணாடி முழுக்க ஓடிவிடும். விரிசலோடு நின்றால் பரவாயில்லை, பெயர்ந்து விழுந்தால் அந்த ஜன்னல் அளவுக்கு ஒரு வாசல் திறந்துவிட்டது. அடுத்த கணம் திரைச்சீலை. 2 மில்லிமீட்டர் வலையெல்லாம் இனி எதற்கு? டஃபன்டு (கடினப்படுத்திய) கண்ணாடியைத் தயாரிக்கும்போதே அதன் மேற்பரப்பை அழுத்தத்தில் வைத்துவிடுவதால், அதே வெப்ப வித்தியாசத்தில் விரிசல் திறக்காது. 19, 29 படிகளுக்கு 5 மில்லிமீட்டர், 40க்கு 6 மில்லிமீட்டர் டஃபன்டு கேட்பது இதனால். வெளியே உலோக வலைத்திரை போட்டால் கதிரில் ஒரு பகுதியும் குறையும், கண்ணாடி உடைந்தாலும் கங்கை வலை பிடித்துக்கொள்ளும். ஜன்னலைத் திறக்கும் பகுதிக்கு மட்டுமல்லாமல் முழுவதற்கும் வலை போடுங்கள்.

மரத்தை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஎஸ் 3959, ஏழு மரங்களை எந்த ரசாயனமும் பூசாமலே காட்டுத்தீயைத் தாங்குபவை என்று ஏற்றுக்கொள்கிறது. பிளாக்பட், ஸ்பாட்டட் கம், சிவப்பு அயன்பார்க், ரிவர் ரெட் கம், சில்வர்டாப் ஆஷ், டர்பன்டைன், மெர்பாவ். அடர்த்தியான மரங்கள், மெதுவாகத்தான் பற்றும். மென்மையான பைன் பலகையோடு இவற்றை ஒன்றாகப் பேசக் கூடாது.

இனி முழு வீட்டுச் சோதனைகள். நியூ சவுத் வேல்ஸின் தென்கரையில் மோகோ என்ற ஊரருகே கிராமப்புறத் தீயணைப்புத் துறையின் பயிற்சித் தளம் இருக்கிறது. அங்கே எரிவாயு பர்னர்களை வரிசையாக அமைத்து, காட்டுத்தீயின் முகப்பு வந்து கடப்பதை அப்படியே நடத்திக்காட்டும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். சிஎஸ்ஐஆர்ஓவின் ஜஸ்டின் லெனார்ட் போன்றவர்கள் வேலி, தண்ணீர்த் தொட்டி, கார், கடைசியில் முழு வீடு என்று அதன் முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள்.

வேலிச் சோதனையின் முடிவு நடைமுறைக்கு நேரடியாகப் பயன்படுவது. பைன் பலகை வேலி எளிதில் பற்றி, தானே ஒரு தீமுகப்பாகி, வீட்டு வாசல் வரை நெருப்பைக் கொண்டுவந்துவிடும். வண்ணத் தகர வேலி எரியாதது மட்டுமல்ல, பின்னால் இருப்பவற்றுக்குக் கதிரிலிருந்து மறைப்பாகவும் நின்றது. பிளாஸ்டிக் தொட்டிகள் தண்ணீர் இருந்த மட்டம் வரை தப்பின, அதற்கு மேல் உருகிச் சரிந்தன. தொட்டியை நிரப்பியே வைத்திருக்க வேண்டும், குழாய்களும் வால்வுகளும் உலோகமாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2010இல் எஃகுச் சட்டக வீடு ஒன்றையே அங்கே கட்டி எரிதீயின் முன் வைத்தார்கள். இதற்குப் பின்னால் இருந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏஎஸ் 3959இன் வழி, இடுக்குகளை அடைத்துக் கங்கை வெளியே நிறுத்துவது. எஃகு வீட்டை வடிவமைத்தவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: கங்கு உள்ளே வந்துவிட்டாலும் பற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லாவிட்டால்? கூரைச் சட்டம், சுவர்ச் சட்டம், தரைச் சட்டம் எல்லாம் எஃகு, வெளிப்போர்வை தகரம், வெப்பத் தடுப்புக்குக் கண்ணாடி இழை. சுவர் இடைவெளிக்குள் புகுந்த கங்கு அங்கேயே சாம்பலாகும். அந்த வேலையிலிருந்து 2014இல் எஃகுச் சட்டக வீடுகளுக்குத் தனித் தரவிதியே வந்தது. 3 மில்லிமீட்டர் இடுக்கை முப்பது வருடத்துக்குக் காப்பாற்றுவது நடக்காத காரியம். வீடு அசையும், மரம் சுருங்கும், சீலன்ட் காயும், மின்காரர் ஒயர் இழுக்க ஓட்டை போட்டு அப்படியே விட்டுப் போவார். பராமரிப்பை நம்பாத வடிவமைப்பு எப்போதும் மேல் என்பது என் எண்ணம். விலை கட்டுப்படியானால் நீங்கள் இந்த வழியைப் பற்றி பில்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து இரண்டு விஷயம். தெற்குக் கரோலினாவின் ரிச்பர்கில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐபிஹெச்எஸ் ஆய்வுக்கூடத்தில் 105 மின்விசிறிகள் கொண்ட சுவர் ஒன்று உண்டு. அதன் முன் முழு வீட்டை நிறுத்திக் கங்குமழை பெய்யவைப்பார்கள். சுவரை ஒட்டி மரத்தூளும் பட்டைத்துண்டும் பரப்பிய பூப்பாத்தி, காய்ந்த புதர், தென்னைநார் மிதியடி என்று வைத்தால் சில நிமிடங்களில் தீ சுவரேறுகிறது. சுவரிலிருந்து முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவுமே இருக்கக் கூடாது என்ற விதியைக் கலிபோர்னியா கொண்டுவருவதற்கு இந்த வகைச் சோதனைகள் பெரிய ஆதாரம்.

இன்னொன்று, 2018 நவம்பரில் எரிந்த பாரடைஸ் நகரம். 85 பேர் இறந்தார்கள். அங்கே தனி வீடுகளை ஆய்ந்தபோது 1997க்கு முன் கட்டியவற்றில் 11.5 சதவீதமே தப்பியிருந்தன, பிறகு கட்டியவற்றில் 38.5 சதவீதம். புது வீடு மேல்தான். ஆனால் 2008இல் கலிபோர்னியா கடுமையான தீ விதிகளைக் கொண்டுவந்ததற்குச் சற்று முன் கட்டியவற்றில் 37, பின் கட்டியவற்றில் 44 சதவீதம். புள்ளியியல் கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. மாறாக, எரிந்த பக்கத்து வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பதுதான் ஒரு வீட்டின் விதியைப் பெருமளவு தீர்மானித்தது. 18 மீட்டருக்குள் இருந்தால் நிலைமை மோசம். காடு சில நிமிடத்தில் எரிந்து தாண்டிவிடும், ஒரு வீடு மணிக்கணக்கில் எரியும். உங்கள் வீட்டுக்கு நீங்கள் எவ்வளவு செலவு செய்தாலும், பக்கத்து மனையில் விதிகள் வருவதற்கு முன் கட்டிய மர வீடு நின்றால் அது உங்கள் பிரச்சினைதான். பிஏஎல் கணக்கில் பக்கத்து வீடு வராது.

விதிகள் புதுக் கட்டடத்துக்குத்தான். ஆஸ்திரேலியக் காட்டோரங்களில் நிற்கும் வீடுகளில் பெரும்பான்மை 2009க்கு முன்னால் கட்டியவை. 2019-20 கோடையில் 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. புதிய வீட்டை இன்னும் எப்படி வலுப்படுத்துவது என்பதைவிட, இந்தப் பழைய வீடுகளைக் குறைந்த செலவில் எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும் என்று நினைக்கிறேன். துளைக்கு வலை, தரையடிக்கு மறைப்பு, மரத் தளத்தைச் சுவரிலிருந்து பிரிப்பது. இவற்றுக்கு ஆகும் செலவு புதுக் கண்ணாடிக்கு ஆவதைவிட மிகக் குறைவு.

கூரை மேல் தண்ணீர் தெளிக்கும் அமைப்பைப் பற்றிக் கேட்பீர்கள். உதவும், ஆனால் அதை நம்பி மற்றதை விடாதீர்கள். தீ வரும்போது மின்சாரம் போகும், குழாய்த் தண்ணீரின் அழுத்தம் விழும், பலத்த காற்று தெளித்த நீரைக் கூரையில் விழவிடாமல் தள்ளிக்கொண்டு போகும். சொந்தத் தொட்டி, சொந்த இன்ஜின் பம்ப், உலோகக் குழாய் மூன்றும் இருந்தால்தான் அது ஒரு அமைப்பு.

வீடு தாங்கும் என்றால் உள்ளே இருந்துவிடலாமா? இதற்கு மட்டும் பதில் கண்டிப்பானது. தரவிதியே, முகப்பு கடக்கும் நேரம் வீடு தாக்குப்பிடிப்பதற்கான வாய்ப்பைக் கூட்டுவதுதான் நோக்கம், உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கிறது. கறுப்புச் சனியில் இறந்தவர்களில் மிகப் பலர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். சிலர் தண்ணீர் இருக்கிறதே என்று குளியலறைக்குள் ஒதுங்கினார்கள். அங்கிருந்து வெளியே பார்க்கவும் முடியாது, நேராக வெளியேறவும் கதவு கிடையாது. மிகக் கடுமையான அபாயம் அறிவித்த நாளில் முந்தின இரவோ அதிகாலையோ கிளம்பிவிட வேண்டும். கிளம்பவே முடியாமல் மாட்டிக்கொண்டால், வெளிக்கதவும் ஜன்னலும் உள்ள அறையில், தீ வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல வீடு உங்களுக்கு வாங்கித்தருவது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

இப்போது உங்கள் மனை. விக்டோரியாவில் காட்டுத்தீ அபாயப் பகுதி என்று அறிவித்த இடத்தில் குறைந்தது 12.5க்குக் கட்டியே ஆக வேண்டும், அதில் பேரத்துக்கு இடமில்லை. பில்டரிடம் எதைக் குறைக்கலாம் என்றால், வீட்டின் வடிவத்தைக் குறையுங்கள். மூலைமுடுக்கு அதிகமுள்ள திட்டத்தைவிட நேரான செவ்வகம், பல சரிவுக் கூரையைவிட ஒரே சரிவு அல்லது இரு சரிவுத் தகரக் கூரை. செலவும் குறையும், இலையும் கங்கும் தங்கும் இடமும் குறையும். மரத் தளம் வேண்டாம், கான்கிரீட் அடித்தளமும் கல் பதித்த முற்றமும் போதும். வலையிலும் இடுக்கு அடைப்பிலும் டஃபன்டு கண்ணாடியிலும் கை வைக்காதீர்கள். வாய்ப்பிருந்தால் உங்கள் மனையின் படிக்கு ஒரு படி மேலாகவே கட்டச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தகுதியுள்ளவரை வைத்து பிஏஎல் மதிப்பீடு எடுத்துவிடுங்கள். மனைக்குக் கீழே காட்டுச் சரிவு இருக்கிறதா, பக்கத்து வீடு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று நீங்களே நடந்து பாருங்கள். மதிப்பீடு 40 அல்லது தீமண்டலம் என்று வந்து, வீட்டைத் தள்ளிக் கட்டவும் இடமில்லை என்றால், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேறு மனை பாருங்கள்.